அத்தையின் நைலக்ஸ் சேலையும் நீலத் தொட்டியும்

சிங்கப்பூரின் பொங்கோலிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். வயது 36, அலுவலக வேலை. நான்கறை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் கணவர், உயர்நிலை 1 படிக்கும் மகள், ஒன்பது வயது மகன், 71 வயது மாமியார். ஜூன் பள்ளி விடுமுறையில் துணிக்கழிவு பற்றி ஓர் ஆவணப்படம் பார்த்திருக்கிறார். அதிலிருந்து தூக்கம் சரியில்லை. "ராத்திரி எழுந்து அலமாரியைத் திறந்து பார்ப்பேன். இத்தனை துணியா என்று அழுகை வரும்" என்கிறார்.

பிறகு மூன்று காரியம் செய்திருக்கிறார். வீட்டில் இருந்த பாலியெஸ்டர், நைலான் துணிகளையெல்லாம் ஏழு பெரிய பைகளில் கட்டினார். இரண்டு பை புளோக்குக்குக் கீழே இருக்கும் நீல மறுபயனீட்டுத் தொட்டிக்குப் போனது, மூன்று பை ஓர் அறநிறுவனத்தின் துணிப்பெட்டிக்குப் போனது. மீதி இரண்டு பை இன்னும் வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டர் அறையில் கிடக்கிறது. அடுத்து, இரண்டு மாதத்தில் இணையத்தில் 940 வெள்ளிக்கு இயற்கைப் பருத்தி, மூங்கில் துணி என்று பதினான்கு உடைகள் வாங்கினார். கடைசியாக, இந்தத் தீபாவளிக்கு வீட்டில் யாருக்கும் புதுத்துணி கிடையாது என்று அறிவித்துவிட்டார்.

அந்த ஏழு பைகளில் மாமியாரின் இரண்டு பழைய நைலக்ஸ் சேலைகளும் இருந்திருக்கின்றன. 1979ல் கல்யாணமாகி சிங்கப்பூர் வந்த வருடம், முதல் தீபாவளிக்கு மாமனார் வாங்கிக் கொடுத்தவை. மாமனார் இப்போது இல்லை. இந்த விவரமெல்லாம் கணவர் சொல்லித்தான், அதுவும் பிறகுதான், தெரிந்திருக்கிறது. மூன்று வாரமாக அத்தை மருமகளோடு பேசவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்ச் சாப்பிடுகிறார். கணவர், "உனக்கு மனுஷங்களைவிட சுற்றுச்சூழல்தான் பெரிசு" என்று சொல்லிவிட்டார். மகளோ அம்மாவுக்குத் தெரியாமல் ஆறு வெள்ளி, ஏழு வெள்ளிச் சட்டைகளை வரவழைக்கிறாள்.

"நான் நல்லதுதானே செய்தேன்? இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? தீபாவளி விஷயத்தில் நான் உறுதியாக நிற்கலாமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கவலை நியாயமானது. அதை வீட்டில் யாரும் சொல்லவில்லை என்பதால் நான் முதலில் சொல்லிவிடுகிறேன். 2021ல் சிங்கப்பூரில் சேர்ந்த துணி, தோல் கழிவு ஏறக்குறைய 189,000 டன். அதில் மறுபயனீட்டுக்குப் போனது 4 சதவீதம். மீதி எரிக்கப்பட்டது. எரித்த சாம்பல் துவாஸிலிருந்து படகில் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999ல் திறந்த அந்தக் குப்பை நிரப்புமிடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்போது உங்கள் மகனுக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்காது. இதையெல்லாம் யோசித்து ஒரு தாய்க்குத் தூக்கம் வராமல் போவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அதைப் பைத்தியக்காரத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அந்தக் கவலை உங்களைச் சில இடங்களில் தவறான பக்கம் திருப்பிவிட்டிருக்கிறது.

முதலில் அந்த இரண்டு சேலைகள்

கடிதத்தை மூன்று முறை படித்தேன். எந்தப் பையில் எது இருந்தது என்று நீங்கள் எங்கேயும் உறுதியாகச் சொல்லவில்லை. அதனால் பாம் ஷெல்டரில் இருக்கும் இரண்டு பைகளையும் இன்றைக்கே பிரித்து, ஒவ்வொரு துணியாக எடுத்துப் பாருங்கள். அதில் இல்லையென்றால் அந்த அறநிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, எந்தத் தேதியில் எந்தப் பெட்டியில் போட்டீர்கள் என்று சொல்லிக் கேளுங்கள். மூன்று வாரம் ஆகிவிட்டதால் கிடைக்க வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் தேடுங்கள். தேடினீர்கள் என்பது அத்தைக்குத் தெரியட்டும்.

கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். கடிதத்தில் நீங்கள் அத்தையிடம் ஏற்கனவே "ஸாரி" சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தொடர்ந்து, "ஆனா அந்தத் துணி மக்கவே மக்காது அத்தை, பிளாஸ்டிக் மாதிரிதான்" என்று விளக்கியும் இருக்கிறீர்கள். அந்த "ஆனா" வந்ததும் மன்னிப்பு போய்விட்டது. அவர் காதில், "உங்கள் புருஷன் வாங்கிக் கொடுத்தது பிளாஸ்டிக்" என்றுதான் அது விழுந்திருக்கும்.

அத்தை சாயங்காலம் விளக்கேற்றி முடித்து உட்கார்ந்திருக்கும்போது போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். "உங்களைக் கேட்காமல் உங்கள் சேலையை எடுத்தது என் தப்பு, அத்தை" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். அழுதால் கூட இருங்கள். கொஞ்ச நேரம் கழித்து, அந்தச் சேலைகள் எப்படி இருக்கும், மாமா எங்கே வாங்கினார் என்று கேளுங்கள். சொல்வார் என்று நினைக்கிறேன். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சிதம்பரம் கப்பல் ஓடிய காலம் அது. ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியில் நைலக்ஸ் சேலை இல்லாமல் கிளம்ப மாட்டார்கள். இங்கே சம்பாதித்தவர் மனைவிக்கு அதை வாங்கித் தருவது அன்றைக்குப் பெரிய விஷயம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நாற்பது வருடத்துக்கு மேல் ஒருவர் மடித்து, உடுத்தி, துவைத்து, மறுபடி மடித்து வைத்திருந்த சேலை அது. செயற்கை இழைதான், மக்காது என்பதும் உண்மை. அது கேடாவது பத்து நாள் கட்டிவிட்டு வீசும்போது. உங்கள் வீட்டு அலமாரிகளில் உங்கள் கவலைக்கு மிகக் குறைவாகக் காரணமாக இருந்தவை அந்த இரண்டு சேலைகளாகத்தான் இருக்கும். அவைதான் முதலில் வெளியே போயிருக்கின்றன.

நீலத் தொட்டி பற்றி ஒரு திருத்தம்

நீலத் தொட்டி காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் நான்குக்கும்தான். துணிக்கு இல்லை. அதில் விழுவதில் ஏறக்குறைய 40 சதவீதம் போடக் கூடாததோ உணவு பட்டதோதான் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லிவருகிறது. நீங்கள் போட்ட இரண்டு பையும் அந்தக் கணக்கில் சேர்ந்து எரியூட்டும் ஆலைக்குத்தான் போயிருக்கும். இதில் உங்களைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, இந்தத் தப்பை நிறையப் பேர் செய்கிறார்கள்.

அறநிறுவனப் பெட்டியும் முடிவான இடம் அல்ல. அங்கே போவதில் நல்லவை கடைக்குப் போகும், சில வேறு நாட்டுக்கு ஏற்றுமதியாகும், கிழிந்ததும் கறை பட்டதும் குப்பைக்குத்தான். சில வருடங்களுக்கு முன் இங்கே பழைய காலணிகளைச் சேகரித்து, அரைத்து, விளையாட்டு மைதானத் தரை போடுவதாக ஒரு திட்டம் வந்தது. ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் 11 ஜோடிக் காலணிகளுக்குள் கண்காணிப்புக் கருவிகளை மறைத்துப் பெட்டியில் போட்டார்கள். ஒரு ஜோடிகூட மைதானத் தரை ஆகவில்லை. பல ஜோடிகள் இந்தோனேசியாவுக்குப் போயிருந்தன, சில அங்கே பழைய பொருள் சந்தையில் கிடைத்தன. 2023 பிப்ரவரியில் அந்தச் செய்தி வெளியானது. பெட்டியில் போட்டதும் பாரம் இறங்கின மாதிரி நமக்குத் தோன்றும். துணியின் பயணம் அங்கே முடிவதில்லை.

மீதி இரண்டு பையை எங்கும் கொண்டுபோகாதீர்கள். போடக்கூடிய துணிகளைத் திரும்ப அலமாரியில் வையுங்கள். கணவரின் துணியை அவரும் மகளின் துணியை அவளும் பார்த்துத் தீர்மானிக்கட்டும்.

பருத்தி என்றால் நல்லது, பாலியெஸ்டர் என்றால் கெட்டதா?

இப்படிப் பிரித்துக்கொண்டால் மனதுக்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் உண்மை அப்படி இல்லை. ஒரே ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அப்புறம் சாயம். திருப்பூரில் பின்னலாடைக்குச் சாயமேற்றிய கழிவு நொய்யல் ஆற்றில் போய்ப் போய், பாசனத்துக்கென்று 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குளமாகிவிட்டது. அங்கே நாசமானது தென்னையும் கிணறும். கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. அந்த ஆற்றைக் கெடுத்ததில் பெரும்பங்கு நல்ல பருத்தித் துணியின் சாயத்துக்குத்தான்.

மூங்கில் துணி என்று ஐந்து உடை வாங்கியிருக்கிறீர்கள். மூங்கில் வேகமாக வளரும் என்பது சரி. ஆனால் கட்டையான மூங்கிலை மிருதுவான துணியாக்க, பெரும்பாலும் அதை ரசாயனத்தில் கரைத்துக் கூழாக்கி இழையாக இழுக்கிறார்கள். கிடைப்பது ரேயான். அப்படிப்பட்ட துணியை ரேயான் என்றே சொல்லி விற்க வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையம் விற்பனையாளர்களை எச்சரித்திருக்கிறது.

உங்களுக்கு விற்ற இணையக்கடை "ரசாயனமே படாத துணி" என்று எழுதியிருந்ததாகச் சொல்கிறீர்கள். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் பொய்யான விவரம் சொல்லி விற்பது நம் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற செயல் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு முதலில் கடைக்கு எழுதிக் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம், அதற்கும் மேலே சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் வழக்குப் பதிய வேண்டும். கடை வெளிநாட்டில் என்றால் இதற்கெல்லாம் அலையாதீர்கள், பணம் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

இயற்கைப் பருத்திதான் வேண்டும் என்றால் ஜிஓடிஎஸ் என்ற அனைத்துலக இயற்கைத் துணித் தர முத்திரை இருக்கிறதா, கூடவே உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை அவர்களுடைய இணையத்தளத்திலேயே சரிபார்க்கலாம். அட்டையில் பச்சை இலை வரைந்திருந்தால் மட்டும் போதாது.

இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை: இரண்டு மாதத்தில் பதினான்கு உடை என்பது உங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் எடுக்கும் தீபாவளித் துணியைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. உங்களை நோகடிக்க இதைச் சொல்லவில்லை. மனசு பதறும்போது ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கை பரபரக்கும், வாங்குவதுதான் அப்போது சுலபமாகக் கிடைக்கும் காரியம். ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இதைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன். இப்போது நிறுத்திக்கொள்ளுங்கள், போதும். வாங்கிய பதினான்கையும் நன்றாகப் போட்டுத் தேயுங்கள். இரவில் எழுந்து அலமாரியைத் திறப்பதும் அழுகையும் இன்னும் சில வாரம் தொடர்ந்தால் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். தூக்கமின்மை மற்ற எந்த உபாதையையும்போல ஓர் உபாதைதான்.

தீபாவளிக்கு உறுதியாக நிற்கலாமா?

உங்கள் துணியைப் பொறுத்தவரை தாராளமாக நில்லுங்கள். மற்ற நான்கு பேருக்காக நீங்கள் தனியாகத் தீர்மானிக்க முடியாது. அதிலும் அத்தையின் கையிலிருந்து இதைப் பறிக்கவே கூடாது. எண்ணெய்க் குளியல் முடிந்து வரும் பிள்ளைகளுக்கு, ஓரத்தில் மஞ்சள் தடவி சாமிக்கு முன்னால் வைத்த துணியை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். அன்றைக்கு அந்த வீட்டில் அவருக்கு இருக்கும் இடமே அதுதான். நீங்கள் ரத்து செய்தது துணியை என்று நினைக்கிறீர்கள். அவருக்கு அந்த இடமே போய்விட்டது.

ஒருவருக்கு ஓர் உடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பிறகும் போடக்கூடியதாக, பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் கோயிலுக்கும் ஆகிவருகிறதாகப் பார்த்து எடுங்கள். அத்தையைக் கூட அழைத்துப் போங்கள். உங்களுக்கு மட்டும் வேறொரு வழி சொல்கிறேன்.

உங்கள் கல்யாண ரவிக்கையை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டுத் தையலில் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் துணி விட்டிருப்பார்கள். அதில் இரண்டு மூன்று வரிசை தையல் ஓடும். உடம்பு போட்டால் ஒரு வரிசையைப் பிரித்துவிட வேண்டியதுதான். அந்த மடிப்புக்குள் இருக்கும் பட்டு வெயிலே படாமல் வாங்கிய அன்றைக்கு இருந்த நிறத்திலேயே இருக்கும். சிறுமிகளின் பட்டுப்பாவாடையிலும் அடியில் இரண்டு சுற்று டக் பிடித்துத் தைப்பார்கள், வருடா வருடம் ஒன்றைப் பிரித்து நீளம் கூட்டுவார்கள். எனக்கு அப்படி ஒரு மாம்பழ நிறப் பாவாடை இருந்தது. நான்கு தீபாவளி அதைப் போட்டேன். பிரித்த தையல் தடம் கோடுகோடாகத் தெரியும், அதன் மேல் அம்மா ஜரிகைப் பட்டை வைத்துத் தைத்துக் கொடுப்பார். யாரும் இதைச் சுற்றுச்சூழலுக்காகச் செய்யவில்லை. துணி விலை அதிகம், மனசும் வராது, அவ்வளவுதான்.

அத்தை தலைமுறைக்கு இதெல்லாம் கைவந்த கலை. தையல் பிரிக்கத் தெரியும், பார்டர் மாற்றத் தெரியும், எந்தப் பட்டுத் துணியை எப்படி நிழலில் உலர்த்த வேண்டும் என்று தெரியும். நீங்கள் ஆவணப்படம் பார்த்துத் தேடிக்கொண்டிருக்கும் ஆள் பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் அலமாரியில் கட்டாமல் கிடக்கும் பட்டுச் சேலை ஒன்று இருந்தால் எடுத்துப்போய், "இதை மகளுக்குப் பாவாடை தாவணியாக மாற்ற முடியுமா அத்தை?" என்று கேளுங்கள். மன்னிப்புக் கேட்ட அன்றைக்கே இதைக் கேட்காதீர்கள், வேலை வாங்குவதற்காக மன்னிப்புக் கேட்டதுபோல் ஆகிவிடும். சில நாள் போகட்டும்.

மகளின் பொட்டலங்கள்

பதின்மூன்று வயதில் தோழிகளைப்போல உடுத்த வேண்டும் என்பது இயல்பான ஆசை. தடுத்தால் பொட்டலம் தோழி வீட்டு முகவரிக்குப் போகும். ஆறு வெள்ளிக்குச் சட்டை எப்படி வருகிறது, தைத்தவருக்கு அதில் என்ன கிடைத்திருக்கும் என்று அவளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 2013ல் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் தையல் வேலை பார்த்த பெண்கள். அவளுக்கு இதைப் புரிந்துகொள்ளும் வயதுதான். ஆனால் பிரசங்கமாக ஆகிவிடாமல் ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

மாதத்துக்கு உடைக்கென்று ஒரு தொகை கொடுங்கள். அதற்குள் அவள் என்ன வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும். இரட்சணிய சேனையின் பழைய துணிக்கடைகளிலும் கரோசல் இணையச் சந்தையிலும் அந்தப் பணத்துக்கு எவ்வளவு நல்ல துணி கிடைக்கும் என்று அவள் வயதுப் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். உங்களிடம் பயமில்லாமல் காட்டும் நிலை வந்தாலே பாதிப் பொட்டலம் குறையும்.

கணவரிடம் தனியாக ஒரு வார்த்தை பேசுங்கள். அவர் சொன்ன வாக்கியம் கடுமையானதுதான். ஆனால் போனது அவருடைய அப்பா வாங்கிய சேலை என்பதை மறக்காதீர்கள். "உங்க அப்பா நினைவா இருந்ததை நான் போட்டுட்டேன்" என்று அவரிடமும் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதத்தில் அவர் கோபம் இருக்கிறது, அவர் துக்கத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

வீட்டில் நீங்கள் ஏற்கனவே சரியாகச் செய்துவரும் ஒன்றும் கடிதத்தில் இருக்கிறது. உலர்த்தும் இயந்திரம் இல்லை, கம்பில்தான் காயவைக்கிறோம் என்று ஏதோ குறைபோல எழுதியிருக்கிறீர்கள். அது குறை இல்லை. மின்சாரம் மிச்சம், துணியும் சீக்கிரம் நைந்துபோகாது. குளிர்ந்த தண்ணீரில், இயந்திரம் நிறையத் துணி சேர்ந்த பிறகு துவைத்தால் பாலியெஸ்டரிலிருந்து உதிரும் நுண்ணிழையும் குறையும்.

தீபாவளிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தேக்கா நிலையத்தின் மாடியில் ரவிக்கை தைப்பவர்கள், பழையதைப் பிரித்து மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். தீபாவளி நெருங்கிவிட்டால் புது வேலை வாங்க மாட்டார்கள். வார நாளில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்காது. அத்தை வருகிறேன் என்றால் அளவு ரவிக்கையை மறக்காமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.